யார் சொன்ன யோசனை?

ஒரு யோசனை ஏற்கப்படுவது அதன் தகுதியாலா, அதைச் சொன்னவரின் தகுதியாலா? அறவியலில் இது பழைய கேள்வி. சொன்னவரைப் பாராதே, சொன்னதைப் பார் என்றுதான் நமக்குச் சிறுவயதிலிருந்து கற்பித்திருக்கிறார்கள். கற்பித்தவர்கள் அப்படி நடந்துகொண்டார்களா என்பது வேறு விஷயம். இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், "இங்கே நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, வேலையைத்தான் பார்க்கிறோம்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஓர் உலகத்துக்குப் போவது நல்லது. திறந்த மூல மென்பொருள் உலகம் அப்படிப்பட்டது.

தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நான் நிரல் எழுதுபவள் அல்ல. ஆனால் நான் எழுதுவது லிபர்ஆபிஸில், தேடுவது ஃபயர்பாக்ஸில். என் கைபேசியின் ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கூடிக் கட்டிய வீட்டில் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். அந்த வீட்டில் ஒரு சன்னலை மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், யார் கேட்டால் மாற்றுவார்கள் என்பது குடியிருப்பவர்களுக்கும் உரிய கேள்விதான்.

இந்த மென்பொருள்களின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். நீங்கள் செய்த திருத்தம் எல்லோரும் பயன்படுத்தும் பதிப்பில் சேர வேண்டுமானால் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் அதை ஏற்க வேண்டும். லினக்ஸில் அவருக்கு மேலே இன்னொருவர், உச்சியில் லினஸ் டோர்வால்ட்ஸ். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

'திறந்த மூலம்' என்ற பெயர் எப்படி ஏற்கப்பட்டது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அதுவரை இந்த இயக்கத்துக்கு வழங்கிய 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டற்றது என்றும் பொருள், இலவசம் என்றும் பொருள். புதிதாகக் கேட்பவர்கள் விலையைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். இதற்கு மாற்றாக 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர் கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண். பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்த வட்டத்தில் தான் ஓரமாக நிற்பவள் என்ற எண்ணம் அவருக்கு. தன் சொல்லை அவர் முன்மொழியவில்லை. அவருடைய நண்பர் டாட் ஆண்டர்சன் அதைப் பேச்சோடு பேச்சாகப் பயன்படுத்தினார். சற்று நேரத்தில் இன்னொருவர் வாயிலும் அந்தச் சொல் வந்தது, தான் புதுச் சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்ற நினைவே இல்லாமல். கூட்டத்தின் முடிவில் பெயரைப் பற்றிய பேச்சு எழுந்தபோது அந்தச் சொல் தன் காலில் நின்றுவிட்டது. ஆண்கள் அதை வழிமொழிந்தார்கள். பீட்டர்சன் அதிகம் பேசவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டார்.

துறைக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எந்தப் பெண்ணுக்கும் இது புதிய கதை அல்ல. நாம் சொன்னபோது காற்றில் போனது, பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தபோது நல்ல யோசனை ஆகிவிடும். பீட்டர்சனின் நண்பர்மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் அந்தச் சொல்லைத் திருடவில்லை, தோள் கொடுத்தார். சொல்லும் வென்றது, உலகமெங்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் இதில் நட்டம் என்ன? யோசனை வென்றுவிட்டால் போதாதா, யார் வாய்வழி வந்தால் என்ன?

போதாது என்பதற்குக் காரணம் உண்டு. இந்தச் சமூகங்களில் பெரும்பாலோருக்கு இந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது, பெயர்தான் நாணயம். முதல் திருத்தம் உங்கள் பெயரில் ஏற்கப்பட்டால் இரண்டாவதைக் கொஞ்சம் கவனமாகப் படிப்பார்கள். பத்தாவதுக்குப் பிறகு உங்கள் கேள்விக்குப் பதில் வரும். நூறாவதுக்குப் பிறகு நீங்களே பிறருடைய திருத்தங்களை ஏற்கவோ தள்ளவோ உட்காருவீர்கள். முதல் யோசனையை வேறொருவர் வாயில் வைத்து அனுப்ப வேண்டிவந்தவளுக்கு இரண்டாவது யோசனையும் முதல் யோசனைதான். அவள் கணக்கு எப்போதும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

"பேச்சு மலிவு, நிரலைக் காட்டு" என்று 2000இல் டோர்வால்ட்ஸ் எழுதிய ஒரு வாக்கியம் இந்த உலகத்தின் வேதவாக்கு ஆகிவிட்டது. கேட்பதற்கு நேர்மையான வாக்கியம். சாதி கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை, வேலையைக் காட்டு என்கிறது. ஆனால் நிரலைக் காட்டுவதற்கு முன் நிரலை எழுத நேரம் வேண்டும். சம்பளமில்லாத நேரம், இடையில் யாரும் கூப்பிடாத நேரம். இந்தியாவில் 2019இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம் என்று தெரியவந்தது. இந்த மூன்றேகால் மணி நேர வித்தியாசத்தில் எத்தனை திருத்தங்கள் எழுதப்படாமல் போகின்றன? எழுதப்படாத நிரலை யாரும் நிராகரிப்பதில்லை. அதனால் நிராகரித்தவர் என்று யாரையும் சுட்டவும் முடிவதில்லை.

தலைமை இல்லை, படிநிலை இல்லை, யாரும் வரலாம் என்று சொல்லும் குழுக்களைப் பற்றிப் பெண்ணியவாதிகள் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன், கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுதப்பட்ட விதி இல்லாத குழுவில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை; அது நட்பு வட்டங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது, ஒளிந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்கவும் வழியில்லை என்பது அதன் சாரம். அவர் விமர்சித்தது பெண்களின் குழுக்களைத்தான். இன்று அந்தக் கட்டுரையை மென்பொருள் சமூகத்தினரும் எடுத்துப் படிக்கிறார்கள். யாருடைய யோசனை எங்கே எடுபடும், எவரிடம் முதலில் பேசிவைக்க வேண்டும், எந்தத் தொனியில் கேட்டால் கோபம் வராது என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இருக்காது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவள் அடி வாங்கித்தான் கற்றுக்கொள்வாள்.

ஆளைப் பார்ப்பதில்லை என்ற கூற்றை ஆய்வாளர்கள் எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். கிட்ஹப் தளத்தில் அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017இல் பீர்ஜே கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்விதழில் வந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பெண்களின் திருத்தங்களே கூடுதலாக ஏற்கப்படுகின்றன: ஏறத்தாழ 79 சதவீதம், ஆண்களுடையவை 75. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பெயரையோ படத்தையோ வைத்துப் பாலினம் அறிய முடியாத பெண்களின் திருத்தங்கள் ஏறத்தாழ 72 சதவீதம் ஏற்கப்பட்டன. பெண் என்று தெரிந்தபோது அது 63க்கு இறங்கியது. அடையாளம் தெரிந்தால் ஆண்களுக்கும் இறங்குகிறது, ஆனால் அவ்வளவு இல்லை. தள்ளியவர்களில் யாரும் "பெண் என்பதால் தள்ளினேன்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நினைத்திருக்கவும் மாட்டார்கள். நிரலைத்தான் பார்த்தோம் என்றே உண்மையாக நம்பியிருப்பார்கள். அறவியல் நோக்கில் எனக்குக் கவலை தருவது இதுதான். தன்னை நடுநிலையாளன் என்று நம்புகிறவனிடம் முறையிடுவது கடினம். அவனுக்குள் குற்ற உணர்வுக்கு இடமே இருக்காது.

நிரல் அல்லாத யோசனைகளின் கதி இன்னும் மோசம். 2013இல் லினக்ஸ் கருவக மடற்குழுவில் சேஜ் ஷார்ப், டோர்வால்ட்ஸ் திருத்தங்களை மறுக்கும்போது ஆட்களைத் திட்டுவதை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ஷார்ப் சாதாரணமானவர் அல்ல. லினக்ஸில் யூஎஸ்பி 3.0க்கான இயக்கியை எழுதியவர். நிரலைக் காட்டு என்றால் காட்டக்கூடியவர். அவர் கேட்டது தொழில்நுட்பத் தரத்தைக் குறைக்கச் சொல்லி அல்ல. வேலை தரமில்லை என்றால் வேலையைச் சொல்லுங்கள், வசவு எதற்கு என்பதுதான். என் இயல்பு இது, மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்பதே டோர்வால்ட்ஸின் பதிலாக இருந்தது. 2015இல் ஷார்ப் அந்தச் சமூகத்தைவிட்டு விலகியதைப் பகிரங்கமாக அறிவித்தார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில் லினக்ஸுக்கு முறையான நடத்தை விதிகளும் வந்தன. இனி லினக்ஸ் அழிந்துவிடும் என்று சிலர் புலம்பினார்கள். அழியவில்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது.

2013க்கும் 2018க்கும் இடையில் அந்த யோசனையில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. சொன்னவர் மாறினார். கீழிருந்து வந்தபோது அது மென்மனக்காரர்களின் புகார். மேலிருந்து வந்தபோது அது முதிர்ச்சி. டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதிகாரத்தில் இருக்கும் ஆண்கள் அவ்வளவு எளிதில் செய்யாத காரியம் அது. ஆனாலும் ஐந்தாண்டு தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் அவர் அல்ல. வெளியேறியவர்கள் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குத் தருமியின் கதை நினைவுக்கு வருகிறது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம். சிவன் எழுதிக் கொடுத்த பாட்டோடு வருகிறான் தருமி. நக்கீரர் பொருட்குற்றம் என்கிறார். சிவனே நேரில் வந்து நின்றும், நெற்றிக் கண்ணைத் திறந்தும் தன் முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மென்பொருள் உலகம் கனவு காணும் மதிப்பீட்டாளர் நக்கீரர்தான்: பெயருக்கு அஞ்சாதவர், சரக்கை மட்டும் பார்ப்பவர். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நானும் அவர் பக்கம்தான் நின்றிருக்கிறேன். ஆனால் வழக்கு எதைப் பற்றியது? பெண்ணின் கூந்தலைப் பற்றியது. வழக்காடியவர்கள் மன்னன், கடவுள், புலவர். ஞானப்பூங்கோதையின் கூந்தல்வரை வாதம் போகிறது. கூந்தலை உடையவள் ஒருத்தியையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எவ்வளவு நேர்மையான அவையாக இருந்தாலும் அதில் யார் இல்லை என்பது அதன் அறிவுக்கு எல்லை போடுகிறது.

கேரன் சேண்ட்லரின் கதை இதை உடம்பின் மொழியில் சொல்கிறது. கட்டற்ற மென்பொருளுக்காகப் பணியாற்றும் வழக்கறிஞர் அவர். பிறவியிலிருந்து வரும் ஓர் இதயநோய் காரணமாக அவர் உடலில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தாறுமாறானால் அது மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். தன் மார்புக்குள் ஓடப்போகும் நிரலைப் பார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டார். யாரும் காட்டவில்லை. பிறகு அவர் கருவுற்றார். கர்ப்ப காலத்தில் பெண்களுக்குப் படபடப்பு வருவது இயல்பு. கருவிக்கு அது தெரியவில்லை. ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் அவருக்கு அதிர்ச்சி கொடுத்தது. இந்தக் கருவி பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், கர்ப்பிணிகள் மிகச் சிலர். இதயத்தின் வேகத்தைக் குறைக்க மருந்து சாப்பிட்டுத்தான் அவர் அந்தக் காலத்தைக் கடந்தார். கருவியை உடம்புக்கு ஏற்ப மாற்ற முடியாததால் உடம்பைக் கருவிக்கு ஏற்ப மாற்றினார்கள்.

நிரலை மூடி வைத்தவர்களின் தவறு இது, திறந்த மூலத்தின் தவறு அல்ல. சேண்ட்லர் இதைச் சொல்வதும் நிரல் திறந்திருக்க வேண்டும் என்று வாதிடத்தான். நான் ஒரு படி கூடுதலாகக் கேட்கிறேன். அந்த நிரல் திறந்தே இருந்திருந்தாலும், கர்ப்பிணியின் இதயத்தைக் கணக்கில் எடுங்கள் என்ற யோசனையை யார் கொண்டுவந்திருப்பார்கள்? கொண்டுவந்தால், இவ்வளவு சிலருக்காக இத்தனை வேலையா என்று கேட்காமல் யார் ஏற்றிருப்பார்கள்? பார்க்கலாம் என்ற உரிமை ஒன்று. பேசினால் கேட்பார்கள் என்ற உறுதி இன்னொன்று. முதலாவதை உரிமத்தில் எழுதிவிடலாம். இரண்டாவதை மனிதர்கள்தான் தர வேண்டும்.

மறுப்பவர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு யோசனையை ஏற்பது ஒரு நாள் காரியம் அல்ல. ஏற்ற நிரலில் நாளை பிழை வந்தால் பார்க்க வேண்டியவர் பராமரிப்பாளர். அனுப்பியவர் போய்விடுவார், இவர் காலமெல்லாம் வளர்க்க வேண்டும். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு முழுநேரம் உழைத்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் தெரியவந்தன. 2024இல் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் நடந்தது இன்னும் கொடிது. தனியாளாகச் சோர்ந்துபோயிருந்த பராமரிப்பாளரிடம் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு உள்ளே ஒரு கள்ளவாசலை வைத்தார். புதியவரைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பெற்றுப்போட்டால் போதாது, வளர்க்க வேண்டும் என்பதைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பராமரிப்பு என்ற உழைப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதைப் பெண்ணியம் அரை நூற்றாண்டாகப் பேசிவருகிறது. அதனால் பராமரிப்பாளரின் "வேண்டாம்" என்ற சொல்லை நான் மதிக்கிறேன். சுமை தூக்குகிறவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை இரண்டு கடமைகளோடு வருகிறது. ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தக் காரணம் யோசனையைப் பற்றியதாக இருக்க வேண்டும். காரணம் சொல்லப்பட்ட மறுப்போடு வாதிடலாம், திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். மௌனத்தோடும் ஏளனத்தோடும் அது முடியாது.

மாறவே மாறாது என்று நான் நினைக்கவில்லை. 2006இல் மாணவர்களுக்கான கூகுள் கோடைத் திட்டத்தில் க்னோம் அமைப்புக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டியிருக்கலாம். அவர்கள் அதே மாதிரியான திட்டத்தைப் பெண்களுக்கென்று, வழிகாட்ட ஆள் உண்டு என்று சொல்லி அறிவித்தார்கள். ஏறத்தாழ 100 பெண்கள் விண்ணப்பித்தார்கள். இல்லாதது ஆர்வம் அல்ல, அழைப்பு. அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் இன்றைய அவுட்ரீச்சி. லினக்ஸ் சமூகத்தைவிட்டுப் போன சேஜ் ஷார்ப் பின்னாளில் அதை நடத்துபவர்களில் ஒருவரானார். பைத்தான் மொழியில் 'வாழ்நாள் கருணைச் சர்வாதிகாரி' என்று பாதி விளையாட்டாக அழைக்கப்பட்ட கைடோ வான் ராசம், ஒரு புதிய யோசனையைப் பற்றிய கசப்பான வாதத்துக்குப் பிறகு 2018இல் அந்த இடத்திலிருந்து விலகினார். அவர் தன் யோசனையை வென்றவர்தான். வென்ற விதத்தில் களைத்துப்போனார். அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு வந்தது. முதல் குழுவிலேயே கேரல் வில்லிங் என்ற பெண் இருந்தார்.

சலுகை காட்டித் தகுதியைக் குறைக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு இத்தகைய முயற்சிகள்மேல் எப்போதும் உண்டு. இட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய அதே குரல். யார் சொன்னார் என்று பாராமல் யோசனையைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதைத் தொடக்க நிலையாக எடுத்துக்கொள்ள முடியாது. உழைத்து அடைய வேண்டிய நிலை அது. அதை அடையும்வரை யார் சொன்னார் என்று பார்த்தே ஆக வேண்டும். தள்ளுவதற்காக அல்ல, யாருடையதெல்லாம் நம் காதில் விழாமல் போகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

லினக்ஸ் கருவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் நிரலை எழுதியவர் பெயரோடு, பிழையைக் கண்டு சொன்னவர், சோதித்தவர், மதிப்பிட்டவர் பெயர்களையும் தனித்தனி வரியில் சேர்க்கலாம். 'யோசனை சொன்னவர்' என்றும் ஒரு வரி இருக்கிறது. நிரல் எழுதாவிட்டாலும் எண்ணம் உங்களுடையது என்றால் உங்கள் பெயர் அங்கே இடம்பெறும். பேச்சு மலிவு என்று சொன்ன அதே வீட்டில்தான் இந்த வரியும் இருக்கிறது. கணினித் துறைக்குப் போகும் மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பவள் சொல்லிக் கேட்கப்படாமல் போன யோசனையை நீங்கள் எடுத்துச் சொல்ல நேர்ந்தால், அந்த வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் பெயரோடு சொல்லுங்கள்.